ஒரே லைனில் இரண்டு எல்.சி.

எங்கள் வீட்டில் போனைத் தொட வேண்டுமென்றால் அப்பாவிடம் எல்.சி. வாங்க வேண்டும். இந்தச் சட்டம் எப்படி வந்தது என்று யாரைக் கேட்டாலும் என்னைத்தான் கைகாட்டுவார்கள். காட்டட்டும். நான் நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தேன். நல்ல எண்ணமெல்லாம் எங்கள் அப்பா கைக்குப் போனால் என்ன கதியாகும் என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

என் பெயர் எழில்மொழி. ஒரத்தநாட்டில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா பகலவன், மின்வாரியத்தில் போர்மேன். அம்மா கனகா எங்கள் இருவருக்கும் மேலதிகாரி.

ஒரு சாயங்காலம் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மணி பார்க்கலாம் என்று போனை எடுத்தேன். அதில் யாரோ ஒருவர் காட்டுக்குள் மூங்கில் குச்சியால் மண்ணைக் குடைந்து நீச்சல் குளம் வெட்டிக்கொண்டிருந்தார். குளம் நிரம்பி அவர் அதில் குதிக்கும் வரை பார்த்தேன். போனைக் கீழே வைத்த பிறகுதான் மணி பார்க்கவில்லை என்பது உறைத்தது. மறுபடி எடுத்தேன். அதற்குள் அவர் குளத்துக்குப் பக்கத்தில் மாடி வீடு கட்ட ஆரம்பித்துவிட்டார். அதையும் கிரகப்பிரவேசம் வரை பார்த்தேன். தாளெல்லாம் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. கணக்கில் ஒரு வரியைத் தாண்டினால் மதிப்பெண்ணைக் குறைக்கிறவள் ஒரு சாயங்காலத்தையே தாண்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அதன் பிறகு சோதனைகளில் இறங்கினேன். திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டால் போன் மேல் ஆசை விட்டுப்போகும் என்று எங்கோ படித்தேன். போனில்தான் படித்தேன். மாற்றினேன். உண்மையிலேயே ஆசை விட்டது. ஆனால் அந்த வாரம் பார்த்து அம்மா தஞ்சாவூர் ஜவுளிக்கடையிலிருந்து இரண்டு புடவைப் படங்களை அனுப்பி எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார். இரண்டும் சாம்பல் நிறத்தில் ஒரே மாதிரி இருந்தன. குத்துமதிப்பாக இரண்டாவது என்று சொல்லிவிட்டேன். அது கிளிப்பச்சையில் ஆரஞ்சுக் கட்டம் போட்ட புடவை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அம்மா இன்றுவரை எந்த விசேஷத்துக்கும் அதைத்தான் கட்டுகிறார். யாராவது ஒரு மாதிரி பார்த்தால், எழில் எடுத்தது என்று சொல்லிவிடுகிறார்.

அடுத்து, சனி ஞாயிறுகளில் போனை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். அரிசிக்குள் கிடக்கிற போனைப் பார்த்தால் ஊரில் யாரும் அதைத் தவம் என்று நினைப்பதில்லை. தண்ணீரில் விழுந்துவிட்டது என்றுதான் நினைக்கிறார்கள். எதிர்வீட்டு கமருன்னிஸா அக்கா துக்கம் விசாரித்தார். அப்பாவின் அலுவலக நண்பர் ஒருவர் மெக்கானிக்கையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நன்றாக இருக்கிற போனைக் கழற்றிப் பார்த்த அந்த மெக்கானிக், உள்ளே ஈரமே இல்லையே என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாவது சோதனைதான் பலித்தது. போனை எடுப்பதற்கு முன்னால், எதற்காக எடுக்கிறேன் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கூடப் படித்தவள் குண்டாகிவிட்டாளா என்று பார்க்க எடுக்கிறேன் என்று ஒருமுறை சொன்னேன். என் குரலிலேயே அதைக் கேட்டதும் வெட்கமாகிவிட்டது. எடுக்காமல் வைத்துவிட்டேன். மனதுக்குள் நினைக்கும்போது நியாயமாகத் தெரிகிற காரணங்களில் முக்கால்வாசி, வாய்க்கு வந்ததும் பல்லிளிக்கின்றன. கொஞ்ச நாளிலேயே தாளெல்லாம் நேரத்துக்குத் திருத்தி முடித்தேன். ஆற அமரச் சாப்பிட்டேன். நான் திருந்திவிட்டேன் என்று எனக்கே நம்பிக்கை வந்த நேரத்தில், நான் தனியாகப் பேசிக்கொள்வதை அப்பா கேட்டுவிட்டார்.

பைத்தியம் என்று நினைப்பார் என்று பயந்து, விஷயத்தை விளக்கினேன். அப்பாவின் முகம் மலர்ந்தது. இது எங்கள் எல்.சி.தானே என்றார். லைன்மேன் கம்பத்தில் ஏறுவதற்கு முன், துணைமின் நிலையத்தைக் கூப்பிட்டு, நான் இன்னார், இந்த லைனில் இந்த வேலை செய்யப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். அங்கிருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திவிட்டு ‘லைன் கிளியர்’ கொடுப்பார். அதன் சுருக்கம்தான் எல்.சி. வேலை முடிந்ததும் ‘எல்.சி. ரிட்டர்ன்’ சொல்ல வேண்டும். சொல்லாமல் ஏறினவன் தானாக இறங்க மாட்டான், நாலு பேர்தான் இறக்குவார்கள் என்பது புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அப்பா நடத்தும் முதல் பாடம்.

“கம்பத்துல ஏறுறவனுக்கு இருக்குற ஒழுங்கு போன் எடுக்குறவனுக்கு வேணாமா?” என்று கேட்டுவிட்டு, அம்மாவின் சீர்வரிசை அண்டாவைப் பரணிலிருந்து இறக்கினார். அது கூடத்தின் நடுவில் ஒரு முக்காலி மேல் ஏறி உட்கார்ந்தது. வீட்டிலிருக்கும் போன்களெல்லாம் அதற்குள். எடுக்க வேண்டுமானால் பெயர், காரணம், எல்.சி. வைக்கும்போது ரிட்டர்ன்.

அப்பா யாருக்கும் எல்.சி. மறுத்ததில்லை. காரணம் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் சரி, சத்தமாகச் சொன்னால் போதும். தங்கச்சி வீட்டு ஸ்டேட்டஸில் புது ஃபிரிட்ஜ் தெரிகிறதா என்று பார்க்க, என்று அம்மா கேட்பார். அப்பா அதைச் சொல் மாறாமல் திருப்பிச் சொல்லிவிட்டு எல்.சி. கொடுப்பார். பழைய மேலதிகாரி ஓய்வுக்குப் பிறகு மீசை வைத்திருக்கிறாராம், அதைப் பார்க்க, என்று அவரே கேட்டு, அவரே திருப்பிச் சொல்லி, அவருக்கே கொடுத்துக்கொள்வார். இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். திண்டாடியது நான் ஒருத்திதான்.

ஏனென்றால் எனக்குப் பரிதி இருந்தார்.

பரிதியும் நானும் திருவாரூரில் பி.எட். ஒன்றாகப் படித்தோம். அவர் ஒரு வருஷம் டீச்சர் வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகளைவிடப் பயிர் சொன்னபடி கேட்கிறது என்று வயலுக்குப் போய்விட்டார். இரண்டு குடும்பமும் ஒரே ஜனம். எந்தத் தடையும் இல்லை. ஒரே தடை அவருடைய அம்மா ராமாயி. அவருக்குக் காதல் கல்யாணம் என்றால் ஆகாது, அதற்குக் காரணமும் இருந்தது. மூத்த மகன் பெங்களூரில் யாரிடமும் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாக வீடியோ காலில் வந்து நின்றுவிட்டான். அந்த அம்மாள் போனுக்கு முன்னால் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணிவிட்டு, நெட் போனதும் அப்படியே உட்கார்ந்திருந்தாராம். சின்னவனுக்குப் பெண்ணை நான்தான் தேடுவேன், நான்தான் போய்க் கேட்பேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

ஆகவே அவரே தேடட்டும் என்று நாங்கள் முடிவு செய்தோம். பரிதி, தரகர் கலியபெருமாளிடம் ஒரத்தநாட்டுப் பக்கம் நல்ல பெண்கள் இருப்பதாகக் கேள்வி என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். கணக்கு டீச்சராக இருந்தால் அம்மாவுக்குப் பிடிக்கும் என்றார். கண்ணாடி போட்டிருந்தாலும் பரவாயில்லை என்றார். தரகர் சுற்று வட்டாரமெல்லாம் அலைந்து, கடைசியில் தன் சொந்த மூளையால் என்னைக் கண்டுபிடித்தார்.

கல்யாணப் பேச்சு முடிவாகும் வரை போனில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமே. என் போனில் பரிதியின் பெயர் ‘ஹெட்மிஸ்ட்ரஸ்’. அவர் போனில் என் பெயர் ‘மோட்டார்’.

இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. இங்கே வயல் மோட்டார்களுக்கு சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டாரே விவசாயியைக் கூப்பிடும். மின்சாரம் வந்துவிட்டது, இயக்க ஒன்றை அழுத்தவும், நிறுத்த இரண்டை அழுத்தவும் என்று ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொல்லும். நாமாக அதைக் கூப்பிட்டாலும் அதே குரல்தான் எடுக்கும். மோட்டார் கூப்பிட்டது என்று எந்த நேரத்தில் எழுந்து வயலுக்கு ஓடினாலும் டெல்டாவில் ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பரிதியின் நிஜ மோட்டார் அவர் போனில் ‘பெரிய வயல்’ என்ற பெயரில் இருந்தது. அவருக்குப் பொய் சொன்னால் தூக்கம் வராது. அதனால் மோட்டார் என்று சொல்லிவிட்டு வயலுக்கு வந்தால், அதையும் போட்டுவிட்டுத்தான் என்னோடு பேசுவார். நாங்கள் சண்டை போட்ட மாதத்தில் பேச்சு நீண்டு, வழிந்த தண்ணீரிலேயே பக்கத்து வயல்காரர் ஒரு போகம் எடுத்துவிட்டார்.

என் வீட்டில் வேறு விதமான சேதம். ஹெட்மிஸ்ட்ரஸ் மேல் அம்மாவுக்குக் கொலைவெறி. விடுமுறை நாளிலும் கூப்பிடுகிறாள், சோற்றில் கை வைத்தால் கூப்பிடுகிறாள், இவளுக்குக் குடும்பம் குட்டி இல்லையா என்று கரித்துக்கொட்டுவார். எங்கள் நிஜ ஹெட்மிஸ்ட்ரஸ் ஆயிஷா மேடம் எறும்புக்கும் வழி விடுகிறவர். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே குறுகுறுக்கும்.

அண்டா வந்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது. அப்பாவின் முகத்தைப் பார்த்து, ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிடுகிறார், தேர்வு அட்டவணை பற்றிப் பேச எடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அவர் அதை நம்பி, தேர்வு அட்டவணை பற்றிப் பேச என்று திருப்பிச் சொல்லும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. திருட்டுத்தனமாகப் பேசியபோது ஒரு நாளும் இப்படி இருந்ததில்லை. அதனால் பேச்சைக் குறைத்தோம். குறைத்தபோதுதான் இத்தனை நாள் நாங்கள் பேசியதில் பெரும்பாலும் ஒன்றுமே இல்லை என்பது தெரிந்தது. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், நீங்கள், நானும். ஆனால் அந்த ஒன்றுமில்லாததைத்தான் நான் எல்லாவற்றையும்விட அதிகமாகத் தேடினேன். இதற்கு எந்தச் சோதனையும் விடை சொல்லவில்லை.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பெண் பார்க்க வந்தார்கள். பரிதி, அவருடைய அம்மா, தாய்மாமன், தரகர் கலியபெருமாள். பரிதி நீலச் சட்டை போட்டிருந்தார். அன்று காலையில் ஹெட்மிஸ்ட்ரஸிடம் தேர்வு அட்டவணை பேசிய சாக்கில் நான் சொன்ன சட்டை அது.

வந்தவர்களை உட்கார வைத்ததும், அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு அண்டாவை அறிமுகப்படுத்தினார். கோவித்துக்கொள்ளக் கூடாது, நம் வீட்டில் ஒரு பழக்கம் இருக்கிறது என்று எல்.சி. முறையை முழுக்க விளக்கினார். எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் ராமாயி அத்தைக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. இப்படி ஒரு அண்டா எங்கள் வீட்டில் இருந்திருந்தால் என் பெரியவன் கைவிட்டுப் போயிருக்க மாட்டான் என்று சொல்லி, முதல் ஆளாகத் தன் போனைப் போட்டார். தாய்மாமன் போட்டார். தரகர் தன் போன்களைப் பிள்ளையைத் தத்துக் கொடுப்பதுபோல் ஒவ்வொன்றாகப் போட்டார். கடைசியில் பரிதி போட்டார். அவர் போன் என் போனுக்கு மேலேயே போய் உட்கார்ந்தது.

சமையலறையில் சாம்பார், கூட்டு, பாயசம் எல்லாம் தயாராக இருந்தன. ஆனால் பேச்சு முடிவாகும் வரை வந்தவர்கள் கை நனைக்க மாட்டார்கள். காபியும் முறுக்கும் கணக்கில் வராது, சோறுதான் கணக்கு. இலையில் உட்கார்ந்தால் சம்மதம், உட்காராமல் கிளம்பினால் இல்லை என்று அர்த்தம். அம்மா வாழையிலைக் கட்டைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு வாசல்படிக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

நான் காபி கொண்டுவந்தேன். முன்பின் தெரியாத பெண் மாதிரி நடிக்க வேண்டும் என்பதிலேயே கவனமாக இருந்ததால், தம்ளரைச் சரியாகப் பரிதியின் மடியில் கவிழ்த்தேன். அவரும் முன்பின் தெரியாதவர் மாதிரி, பரவாயில்லைங்க என்று சொல்லிவிட்டு, வேட்டியை அலச வேண்டிக் கொல்லைப்பக்கம் போனார்.

கொல்லையில் குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும் ராமாயி அத்தைக்கு வயல் மோட்டார் ஞாபகம் வந்துவிட்டது. மறுநாள் காலை அறுவடை இயந்திரம் வருகிறது. இன்று காலையில்கூட மோட்டார் கூப்பிட்டது என்று இவன் ஓடினான், அறுக்கப் போகிற வயலுக்கு எதற்குடா தண்ணீர் என்றதற்குத் தென்னங்கன்றுக்கு என்றான், கிளம்புகிற அவசரத்தில் நிறுத்தினானோ இல்லையோ என்று எல்லோரிடமும் சொன்னார். வயலில் தண்ணீர் நின்றால் இயந்திரம் சேற்றில் புதைந்துவிடும், கதிரெல்லாம் நிலத்திலேயே கொட்டிப்போகும். மகன் வரும் வரை காத்திருக்க அவருக்குப் பொறுக்கவில்லை. அவன் மோட்டாரைக் கூப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன், நானே செய்வேன் என்று அண்டாவுக்குள் கையை விட்டார். சட்டம் நினைவுக்கு வந்து, அப்பாவைப் பார்த்தார்.

“அண்ணே, நான் ராமாயி. எம்மவன் போன எடுக்குறேன். மோட்டார நிறுத்த.”

அப்பாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வெளியாள் ஒருவர் இவ்வளவு சுத்தமாக எல்.சி. கேட்டு அவர் பார்த்ததில்லை. ராமாயி, மோட்டாரை நிறுத்த, என்று திருப்பிச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

நான் அண்டாவை நோக்கிப் பாய்ந்தேன். என் போனை அணைத்துவிட்டால் போதும். அப்பா குறுக்கே கையை நீட்டி, காரணம் என்ன என்றார். என் வாயில் ஒரு காரணமும் வரவில்லை. அதற்குள் அண்டா அலற ஆரம்பித்தது. பித்தளை அண்டாவுக்குள் போன் அடித்தால் தெருமுனை வரை கேட்கும். அம்மா எட்டிப் பார்த்தார். திரையில் ஹெட்மிஸ்ட்ரஸ்.

அம்மா இலைக்கட்டைக் கீழே வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். கனகா, ஹெட்மிஸ்ட்ரஸை நாலு கேள்வி கேட்க, என்றார். அப்பா அதற்கும் கொடுத்தார்.

ராமாயி அத்தை சிக்னலுக்காக வாசல் பக்கம் போயிருந்தார். விருந்தாளிகள் முன்னால் சண்டை போடுவது அழகில்லை என்று அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நடுவில் நாங்கள் எல்லோரும்.

“டீச்சரம்மா, நான் எழிலோட அம்மா பேசுறேன். இன்னிக்கு எம்பொண்ணப் பாக்க வந்திருக்காங்க. இன்னிக்காவது விடமாட்டீங்களா? ஒங்களுக்குப் புள்ளகுட்டி இல்லையா?”

வாசலில் ராமாயி அத்தை போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். “ரெண்டு புள்ள இருக்கு. அது ஒனக்கெதுக்கு? எத அமுக்குனா நிப்பன்னு மட்டும் சொல்லு.”

“நான் எதுக்குங்க நிறுத்தணும்? நீங்க நிறுத்துங்க. சோறு திங்க விடாமக் கூப்புட்டுக்கிட்டே இருக்குறது நீங்கதான்.”

“கூப்புடுறது நீயி. இன்னிக்கு வெடியக்காலகூடக் கூப்புட்ட. நாளைக்கு அறுப்பு, ஒனக்குக் கொஞ்சமாச்சும் இது இருக்கா?”

தாய்மாமன் முறுக்கைக் கடித்தபடியே நின்றுவிட்டார். அப்பாவின் தலை வாசலுக்கும் அடுப்படிக்குமாகத் திரும்பித் திரும்பி வந்தது. மெல்ல அவர் முகம் மாறியது. ஒரே லைனில் இரண்டு பேருக்கு எல்.சி. கொடுப்பது அவர் தொழிலில் செய்யவே கூடாத தப்பு. இத்தனை வருஷ சர்வீஸில் அவர் செய்யாத தப்பை அன்று கூடத்தில் நின்றுகொண்டு செய்திருந்தார்.

“ரெண்டு பேரும் லைன விட்டு எறங்குங்க,” என்றார் போர்மேன் குரலில்.

இரண்டு போன்களையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றில் மோட்டார், ஒன்றில் ஹெட்மிஸ்ட்ரஸ். ஒன்றை நிறுத்தினார். மற்றதும் நின்றது. அப்போது பரிதி வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டே உள்ளே வந்தார்.

“டேய் பரிதி,” என்றார் ராமாயி அத்தை. “நம்ம மோட்டாருக்கு அம்மா இருக்காங்கடா. இப்பத்தான் பேசினேன்.”

இப்போது இதை நினைத்தால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். பரிதி ஈர வேட்டியோடு நின்றபடி பி.எட். முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. நீலச் சட்டையைக்கூட விடவில்லை. அப்படியானால் இந்தப் பெண்ணை நான் கண்டுபிடிக்கவில்லையா என்று தரகர் ஒருவர்தான் நடுவில் கேட்டார்.

ராமாயி அத்தை நிஜ மோட்டார் ஓடுகிறதா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றார் பரிதி. வயல் காய்ந்துதானே இருக்கிறது என்று கேட்டார். ஆமாம் என்றார். தலையை ஆட்டிவிட்டு எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, தன் போனை எடுக்க அண்டாவிடம் வந்தார். அப்பா பழக்க தோஷத்தில், எதற்கு எடுக்கிறீர்கள் தங்கச்சி என்று கேட்டுவிட்டார். அந்த நிமிஷம் அம்மா அவரைப் பார்த்த பார்வையில் வேறு யாராக இருந்தாலும் எரிந்திருப்பார்கள்.

ஆனால் ராமாயி அத்தை கையை அண்டாவுக்குள் விடாமல் அப்படியே நின்றார்.

“வண்டிக்காரனக் கூப்புட எடுக்குறேண்ணே. வீட்டுக்குப் போவ.” கொஞ்சம் நிறுத்தினார். “பெரியவன் கல்யாணத்த இதுக்குள்ளதான் பாத்தேன். இதப் பாத்துத்தான் கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணேன். சின்னவனுக்காவது ஒரு வீடேறிப் போயி, பொண்ணு குடுங்கன்னு நாலு பேரு முன்னால கேக்கணும்னு இருந்தேன். எல்லாம் நீங்களே பேசி முடிச்சாச்சு. நான் கேக்குறதுக்கு இங்க என்ன பாக்கி இருக்கு?”

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கேட்ட கேள்வி உள்ளே இறங்கியது. நானும் பரிதியும் பேசிய பேச்சையெல்லாம் ஒரு முறை புரட்டிப் பார்த்தேன். சாப்பிட்டாயா என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். உங்கள் அம்மாவிடம் எப்போது சொல்வது என்று நான் கேட்டிருக்கிறேன். தரகரை எப்படி அனுப்புவது என்று இருவரும் திட்டம் போட்டிருக்கிறோம். அந்த ஒரு கேள்வி மட்டும் எங்கும் இல்லை.

“பாக்கி இருக்கு அத்தை,” என்றேன். “என்னக் கட்டிக்கிறியான்னு இதுவரைக்கும் என்னய யாரும் கேக்கல.”

ராமாயி அத்தை என்னைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

“கேக்கலியாடா?”

பரிதி யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் தொங்கிப்போயிற்று. கேட்டதாகத்தான் நினைத்திருந்தேன் என்றார்.

இவ்வளவு வருஷம் மோட்டாரைப் போட்டுப் போட்டு ஊர் வயலுக்கெல்லாம் தண்ணீர் பாய்ச்சினாயே, இதைக் கேட்க உனக்கு வாய் வரவில்லையா என்று அத்தை அவரை ஒரு பிடி பிடித்தார். பயிர் வைக்கத் தெரிந்தால் போதுமா என்றார். தாய்மாமனும் சேர்ந்துகொண்டார். ஆனால் அத்தை திட்டிக்கொண்டே பையைக் கீழே வைத்துவிட்டு, பழைய இடத்தில் போய் உட்கார்ந்ததை நான் கவனித்தேன். உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். என்னை உள்ளே போய்க் காபி கொண்டுவரச் சொன்னார். இந்த முறை யார் மேலும் கொட்டாமல் கொண்டுவரச் சொன்னார்.

கொண்டுவந்தேன். அவர் தம்ளரை வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். அப்பாவையும் அம்மாவையும் பார்த்து, உங்கள் பெண்ணை என் மகனுக்குக் கேட்டு வந்திருக்கிறேன் என்றார். அம்மா, போனில் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அழவே ஆரம்பித்துவிட்டார். அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்வோம், நானும்தான் பேசினேன் என்று அவரைக் கையமர்த்திவிட்டு, அத்தை என் பக்கம் திரும்பினார்.

“எழிலு, எம்மவனக் கட்டிக்கிறியாம்மா?”

நான் எதிர்பார்த்த கேள்விதான். இதற்காகத்தான் அத்தனை பொய்யும் சொன்னேன். இருந்தாலும் அது நேரில், முகத்துக்கு எதிரில், சத்தமாக வந்தபோது புதுக் கேள்வி மாதிரி இருந்தது. பரிதி ஏற்கெனவே பிழிந்த வேட்டி நுனியை மறுபடி பிழிந்தார். நான் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமானதும், நிஜமாகவே மாட்டேன் என்று சொல்லிவிடுவேனோ என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது தெரிந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்தேன்.

“கட்டிக்கிறேன் அத்தை.”

ராமாயி அத்தை காபியைக் குடித்து முடித்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கை கழுவத் தண்ணீர் எங்கே என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா இலைக்கட்டை எடுக்க ஓடினார். எழுந்த அத்தை, போகிற வழியில் மகன் முன்னால் நின்றார்.

“கேட்டுக்கடா. இது நான் பாத்த பொண்ணு. நான் வந்து, நான் கேட்டு, எனக்குச் சொன்ன சம்மதம். ஊருல எவன் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்.”

பரிதி சரி என்றார். அத்தை என்னையும் பார்த்தார். நானும் சரி என்றேன். அதில் பொய் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.